ஆற்றங்கரைப் படியும் ரப்பர்க்காட்டுத் தகடும்

பகாவ் சாலையில் இரண்டு பஸ் நிற்குமிடங்கள். மாதா கோயில் பின்பக்க மதில். சந்தைக்குப் பின்னால் ஓடும் பெரிய கால்வாய், அதைத் தாண்ட நான்கு சிமெண்ட் பலகை. தம்பின் டவுனில் ஒரு கடை வரிசைக்குத் தரை. நான் குடியிருக்கும் வீடு. கடைசியாக, எங்கள் ஊர் ஆற்றங்கரையில் இருபத்தாறு படிகள்.

இவ்வளவும் நான் கட்டியவை. படிப்பு? தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் தம்பியைத் தூக்கிக்கொண்டு, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகையில் நின்றேன். மட்டம் பார்க்கும் மிஷின் என்னிடம் இருந்ததில்லை. பத்து முழ ரப்பர் டியூப்பில் தண்ணீர் ஊற்றி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால் தண்ணீரே மட்டம் சொல்லும். படித்த இஞ்சினியர் ஒருவர் என் கால்வாயை அளந்து பார்த்துவிட்டு "ஓகே" என்று சொல்லியிருக்கிறார். சாட்சி உண்டு.

நாற்பது வயதில் பேப்பர் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். இப்போது வாரா வாரம் இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன். கமா, புள்ளியை ஆசிரியர் பார்த்துக்கொள்கிறார். விஷயம் என்னுடையது.

எதற்கு இந்தப் பட்டியல் என்கிறீர்களா? போன வாரத்துச் செவ்வாய்க்கிழமை அதில் ஒன்று குறைந்துவிட்டது. இருபத்தாறு படிகளையும் ஒருவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். யார்? வெள்ளைக்காரத் துரை. அவர் செத்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும்...

நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் சின்ன ஊர். ஒரு கடைத்தெரு, ஒரு சந்தை, நடுவில் வளைந்து போகும் ஓர் ஆறு. கொஞ்ச நாளாகச் சனி ஞாயிறுகளில் கோலாலம்பூர்க்காரர்கள் பஸ் பிடித்து வருகிறார்கள். தொங்குபாலத்தில் ஆடிக்கொண்டே போட்டோ எடுக்கிறார்கள். எருமைக் கொம்பு மாதிரிக் கூரை போட்ட பழைய மலாய் வீட்டைப் பார்க்கிறார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் தேங்காய்ப் பாலில் மிளகாய் அரைத்து ஊற்றிய மசாக் லெமாக் சிலி அப்பி சாப்பிட்டுவிட்டு, காரம் தாங்காமல் இந்தப் பக்கம் வந்து ஐஸ் போட்ட செண்டோல் குடிக்கிறார்கள். அப்புறம் என் படிகளுக்கு வருவார்கள். உட்கார்ந்து ஆற்றில் கால் விடுவார்கள். அவ்வளவுதான் எங்கள் ஊர். அரை நாள் போதும்.

இதற்குத்தான் ஒரு பெரிய போர்டு வைக்கப் போகிறார்கள். 'பார்க்க வேண்டிய பத்து இடங்கள்.' சுற்றுலா வேலை பார்க்கும் ஓர் அலுவலகம் அதை எழுதிக் கடை கடையாக ஒட்டியிருந்தது. கருத்து இருந்தால் மாதக் கடைசிக்குள் சொல்லலாம். அதன் பிறகு அச்சுக்குப் போய்விடும்.

படிகளுக்கு மேலே, ஆல மரத்தடியில் ஷாகுல் பாயின் டீக்கடை. செவ்வாய்க்கிழமை அங்கே போனேன். பாய் தே தாரேக்கை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"அண்ணே, நம்ம படிக்கு நாலாம் நம்பரு குடுத்திருக்கான்."

"நாலா? ஒண்ணு குடுத்திருக்கலாமே."

"ஒண்ணு தொங்குபாலம். மலாய்ல போட்டிருக்கான், படிக்கவா?"

படித்துத் தமிழில் சொன்னார். 'வெள்ளையர் காலத்தில் ரப்பர் கம்பெனி கட்டிய படித்துறை. ரப்பர்ப் பாலைப் படகில் ஏற்றுவதற்காகக் கட்டப்பட்டது. ஊரின் மிகப் பழைய பாரம்பரியச் சின்னங்களில் ஒன்று.'

நான் சிரித்தேன். படகா? வெயில் காலத்தில் எங்கள் ஆற்றில் முழங்கால் நனையாது. எந்தப் படகு வந்தது, எங்கே கட்டினார்கள்?

"இத யாரு சொன்னது பாய்?"

"மேல் படியில தகடு இருக்குல்ல. அதுல வருஷம் போட்டிருக்காம். அத வச்சுத்தான் கண்டுபிடிச்சாங்களாம்."

சிரிப்பு நின்றுவிட்டது. அந்தத் தகட்டை அங்கே வைத்தவன் நான்.

கதையைக் கொஞ்சம் பின்னால் தள்ளுகிறேன். என் மூத்த மகள் பிறந்த வருஷம். அப்போது அங்கே படி கிடையாது, களிமண் சரிவுதான். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குப் பெண்கள் ஆற்றில் குளித்து, பால் குடத்தோடு அந்தச் சரிவில்தான் ஏறி வர வேண்டும். அந்த வருஷம் மழை. பொன்னம்மாள் என்ற பெண் குடத்தோடு வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். குடத்தை விட்டிருந்தால் கை தப்பியிருக்கும். அவள் விடவில்லை.

அதைப் பார்த்துத்தான் படி கட்டுகிறேன் என்று சொன்னேன். கேட்டதும் கோயில் கமிட்டியில் சண்டை. நான் மாதா கோயிலுக்குப் போகிறவன். "வேதக்காரன் கட்டுன படியில ஆத்தா எறங்குவாளா?" என்றார் அப்போதைய தலைவர். கையில் கட்டோடு நின்ற பொன்னம்மாள்தான் பதில் சொன்னாள்: "ஆத்தா நல்லாத்தான் எறங்கறா. நாங்கதான் ஏற முடியாம விழறோம்."

கமிட்டி ஒப்புக்கொண்டது, ஒரு நிபந்தனையோடு. படியில் வேதக்காரன் பெயர் இருக்கக் கூடாது.

சரி என்றேன். காலையில் ரப்பர்ப் பால்வெட்டு, மத்தியானம் கால்வாய் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் படி. பூசை முடிந்து நேராக ஆற்றுக்கு வந்துவிடுவேன். பதினோரு பேர் சேர்ந்தோம். அரை மூட்டை, கால் மூட்டை என்று மிஞ்சிய சிமெண்ட். மணல் ஆற்றிலிருந்து. கல், உடைந்த பழைய லயத்து வீடுகளிலிருந்து. ஏழு மாத ஞாயிறுகள் போயின. இடையில் ஒரு வெள்ளம் வந்து ஐந்து படிகளைக் கொண்டுபோனது. மறுபடி கட்டினோம்.

முடிந்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. பெயர்தானே போடக் கூடாது?

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்... ஒவ்வொரு வெட்டுக்காட்டுக்கும் ஓர் இரும்புத் தகடு இருக்கும். காட்டு நம்பர், எத்தனை ஏக்கர், மரம் நட்ட வருஷம். ஒருத்தன் ஒரே காட்டில் வருஷக்கணக்காகப் பால் வெட்டினால் அந்த நம்பரே அவனுக்குப் பெயராகிவிடும். காலையில் ஆள் எண்ணும் பிரட்டுக் களத்தில் மண்டோர், அதாவது கங்காணி, "பன்னெண்டாம் நம்பரு" என்று கூப்பிட்டால் நான்தான் "இருக்கேன்" என்பேன். லயத்துப் பிள்ளைகள்கூட என்னைப் 'பன்னெண்டு மாமா' என்றுதான் கூப்பிட்டார்கள். மரங்களுக்கு வயதாகி அந்தக் காட்டை வெட்டிச் சாய்த்தபோது தகட்டைத் தூக்கி எறிந்தார்கள். நான் எடுத்து வைத்திருந்தேன். அதைக் கொண்டுவந்து மேல் படியில், ஈரச் சிமெண்டில் பதித்துவிட்டேன்.

பெயர் இல்லை. ஆனால் தோட்டத்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். தலைவரும் பார்த்தார். பெயர் எங்கே என்று தேடிவிட்டுப் போனார். எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா எனக்கு?

நான் கணக்கில் எடுக்காதது ஒன்றுதான். ரப்பர் மரம் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது. லயத்தை இடித்தார்கள். ஆட்கள் சிரம்பானுக்கும் கிள்ளானுக்கும் போய்விட்டார்கள். தகட்டை என் பெயராகப் படிக்கத் தெரிந்த ஜனம் ஊரில் இல்லை. மிச்சம் இருப்பது நம்பரும் வருஷமும்தான். அந்த வருஷமோ, துரை மரம் நட்ட வருஷம்.

புதன்கிழமை அந்த அலுவலகத்துக்குப் போனேன். தர்ஷினி என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நம் பிள்ளைதான், கெமாஸ் பக்கம். போர்டு வேலை அவள் பொறுப்பு.

"படிய கட்டினது நான்மா" என்றேன்.

"அங்கிள், எதாச்சும் லெட்டர் இருக்கா? போட்டோ? பிளான்?"

"பிளான் இருக்கு."

"எங்க?"

"தலையில."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "தகட்டுல வருஷம் கிளியரா இருக்கு அங்கிள். எங்க ரிசர்ச்சர் வந்து போட்டோ புடிச்சாரு."

"அது மரம் நட்ட வருஷம்மா. படி கட்டின வருஷம் இல்ல."

"மரம் நட்ட வருஷம் ஏன் படியில இருக்கு?"

நியாயமான கேள்வி. முழுக் கதையையும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "நம்பறேன் அங்கிள். ஆனா என் பாஸ்கிட்ட கதைய குடுக்க முடியாது லா. புரூஃப் வேணும்."

"சனிக்கிழமை வா. காட்டறேன்."

சொன்னபடி வந்தாள். நான் பாராங்கத்தியோடு காத்திருந்தேன். அடிப் படிக்குப் பக்கவாட்டில் புல்லும் கொடியும் ஆள் உயரத்துக்கு மூடியிருந்தன. வெட்டி விலக்கினேன். கரைக்குள்ளிருந்து மூன்று குழாய்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மழைத் தண்ணீர் மண்ணுக்குள் தேங்கினால் படியை முன்னால் தள்ளிவிடும். அது வடிவதற்காக நான் வைத்தவை. முதல் வெள்ளத்தில் ஐந்து படிகள் போனபோது கற்றுக்கொண்ட பாடம்.

"இது என்ன குழாய், பாரு."

கார்ச் சாவியால் சுரண்டிப் பார்த்தாள். "பிவிசி."

"துரை காலத்துல பிவிசி எந்தக் கடையில விக்கிதாம்?"

இப்போது சிரித்தாள். வேறு வேறு பக்கத்திலிருந்து போட்டோ எடுத்தாள். "சரி அங்கிள். நீங்கதான் கட்டினீங்க. ஒத்துக்கறேன்."

ஜெயித்துவிட்டேன். மேலே ஏறி பாயிடம் இரண்டு டீ சொன்னேன். அந்த டீ வருவதற்குள் தர்ஷினி கேட்டாள்:

"ஆனா அங்கிள்... அப்ப இது ஹெரிடேஜ் இல்லியே?"

"அப்படின்னா?"

"அந்த லிஸ்ட்ல பழைய கட்டடம்தான் போட முடியும். உங்க படிக்கு அவ்ளோ வயசு இல்ல. ரிப்போர்ட் எழுதினா நாலாம் நம்பர எடுத்துடுவாங்க. போர்டுல இருக்கற எடத்துலதான் பஸ் நிக்கும். புது ரூல்."

பாய் டீயை டக்கென்று மேசையில் வைத்தார். "அண்ணே, என்ன பண்ணி வச்சிட்டீங்க?"

பக்கத்துக் கடையில் வடை போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். யார்? அதே பொன்னம்மாள்தான். மணிக்கட்டு இன்னும் கொஞ்சம் கோணல். ஆனால் வடை வட்டமாக வரும்.

"பேரு வேணும் பேரு வேணும்னு பஸ்ஸயே வெரட்டிட்டாரா? பஸ் நிக்கலன்னா வடைய மீனுக்கா போடறது?"

"நான் என்ன பண்ணுவன் பொன்னம்மா? உண்மைதானே சொன்னன்."

"என்னா உண்மை? நீங்க ஒருத்தராவா கட்டுனீங்க? மணலு யாரு அள்ளுனா?"

"நீங்கல்லாம் அள்ளுனீங்க. நான் மட்டம் பாத்தன்."

"ஆமா. மட்டம் பாத்தவருக்குப் பேரு. மணலு சொமந்தவளுக்கு இடுப்பு வலி."

தர்ஷினி டீக் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாய் என் பக்கத்தில் வந்து குரலைத் தணித்தார். "அண்ணே, புல்ல மறுபடி எடுத்து மூடிடுங்க. துரை கட்டினதாவே இருந்துட்டுப் போவட்டும். நமக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

தணித்த குரல் தர்ஷினிக்கும் கேட்டிருக்கிறது. "அங்கிள், நான் இன்னும் ரிப்போர்ட் எழுதல" என்றாள். "நீங்க சொல்லுங்க. எழுதவா, வேணாமா?"

வாசகர்களே, நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

பாய் சொல்வதிலும் அர்த்தம் இருந்தது. பஸ் நின்றால் இரண்டு கடைக்கு அடுப்பு எரியும். எனக்கு என்ன, சாப்பாட்டுக்குக் குறையா? வெறும் பெயர்.

ஆனால் ஒன்று உறுத்தியது. அதே கல், அதே சிமெண்ட், அதே இருபத்தாறு படி. துரை கட்டினார் என்றால் பாரம்பரியம். போர்டு, பஸ், போட்டோ. இந்தச் சவரிமுத்து கட்டினான் என்றால்? சும்மா படி. எடுத்துவிடு. அது எப்படி? அந்தத் துரை இந்த ஆற்றுப் பக்கமே வந்ததில்லை. மேட்டு பங்களாவில் அவருக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது.

இன்னொன்று. அந்தப் பதினோரு பேரில் ஆறு பேர் இப்போது இல்லை. வாரத்தில் ஆறு நாள் தோட்டத்துக்கு மாடாக உழைத்தவர்கள். ஏழாவது நாள் ஒன்றுதான் அவர்களுடையது. அதைத்தான் இந்தப் படிக்குக் கொடுத்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளையும் எடுத்துத் துரையிடமே கொடுப்பதா?

"எழுதும்மா" என்றேன்.

பாய் தலையில் கை வைத்தார். பொன்னம்மாள் என்னைத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் எண்ணெயில் கிடந்த வடையைத் திருப்பினாள்.

"எழுது தாயி" என்றாள். "தொரைக்கு ஏற்கெனவே நெறய குடுத்தாச்சு."

என்னை முப்பது வருஷமாக மட்டம் தட்டுகிற பெண் அவள். அன்று முதல் தடவையாக என் பக்கம் நின்றாள். அதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

சரியாக அந்த நேரத்துக்குப் பஸ் வந்து நின்றது. முப்பது பேர் இருப்பார்கள். இறங்கிய யாரும் தகட்டைப் பார்க்கவில்லை, மிதித்துக்கொண்டு போனார்கள். ஒட்டியிருந்த காகிதத்தையும் படிக்கவில்லை. நேராகக் கீழே இறங்கி, செருப்பைக் கழற்றி, கடைசி மூன்று படிகளில் உட்கார்ந்து தண்ணீரில் கால் விட்டார்கள். அந்த மூன்று படிகளையும் நான் அகலமாகக் கட்டியிருக்கிறேன். குடத்தை இறக்கி வைத்துத் திரும்ப இடம் வேண்டும் என்பதற்காக. இப்போது குடும்பத்தோடு உட்கார வசதியாக இருக்கிறது. ஒரு சீனப் பெரியவர் பேரப்பிள்ளையைத் தண்ணீருக்குக் காட்டிக் காட்டித் தூக்கினார். இரண்டு மலாய்ப் பெண்கள் வடையைப் பிய்த்து மீனுக்குப் போட்டார்கள்.

"பாத்தீங்களா பொன்னம்மா, வட மீனுக்குத்தான் போவுது" என்றார் பாய்.

"காசு குடுத்து வாங்கித்தான போடறாங்க? போடட்டும்."

தர்ஷினி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தாள். போர்டின் மறுபக்கமாம். 'செய்ய வேண்டியவை.' தொங்குபாலத்தில் நடப்பது, கயாக் படகு ஓட்டுவது, செண்டோல் குடிப்பது என்று எழுதியிருந்தது.

"பார்க்க வேண்டிய எடத்துக்குத்தான் அங்கிள் வயசு வேணும். செய்ய வேண்டியதுக்கு வயசு கெடையாது. 'ஆற்றங்கரைப் படியில உக்காந்து கால் நனைக்கலாம்'னு இங்க போடலாம். பஸ்ஸும் நிக்கும்."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா?"

"எனக்கே இப்பத்தான் தோணுச்சு லா."

நல்ல பெண். நன்றாக வருவாள். அவள் எழுதினாள், மேலே கொடுத்தாள். வியாழக்கிழமை பதில் வந்தது. படிக்கு இடம் உண்டு. துரை போய்விட்டார், படகும் போய்விட்டது. பஸ் நிற்கும். பாய் எனக்கு அன்று ரொட்டி சானாய் போட்டுக் கொடுத்தார், கூட ஒரு முட்டையோடு.

இதோடு முடிந்தது என்று நினைத்தீர்களா? நானும் நினைத்தேன். தர்ஷினி போன் செய்தாள். படிக்குக் கீழே ஒரு வரி போடுவார்களாம்: 'உள்ளூர் மக்களால் கட்டப்பட்டது.'

"எந்த உள்ளூர் மக்கள்?" என்றேன்.

"தனிப்பட்ட ஆள் பேரு போடறது வழக்கம் இல்லன்னு பாஸ் சொல்றாரு அங்கிள்."

வழக்கம் இல்லையாம். அன்று கோயில் கமிட்டி பெயர் போடாதே என்றது. ஒரு காரணமாவது சொன்னது. இன்று வழக்கம் இல்லை. உள்ளூர் மக்கள் என்று ஒருத்தர் ஞாயிற்றுக்கிழமை வெயிலில் வந்து டியூப்பைப் பிடித்தாரா? நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது பதினோரு பேரை. பதினோரு பேருக்கும் பெயர் உண்டு. எல்லாம் எனக்கு மனப்பாடம். காகிதத்தில் எழுதி, பாய் கடையில் கொடுத்து வைத்திருக்கிறேன். யாரும் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. கருத்துச் சொல்லலாம் என்று அவர்களே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். இதுதான் என் கருத்து. இந்தப் பத்தியை அப்படியே வெட்டி அனுப்புகிறேன். தமிழ் தெரியாவிட்டால் தர்ஷினி படித்துச் சொல்லட்டும்.

போர்டில் பதினோரு பெயரும் வர வேண்டும். இருக்கிறவர்களுக்கும், இல்லாதவர்களுக்கும். பொன்னம்மாள் பெயர் இரண்டாவது வரியில் வரட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

முதல் வரியில் சவரிமுத்து என்று போடுங்கள்.